கான்டெஸாவுக்கு டர்போ தேடிய ரிஜெக்ட் அண்ணன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் குறை சொல்லப்படாமல் தப்பித்த பொருள் என்று ஒன்று இருந்தால், அது ரிஜெக்ட் அண்ணன் கண்ணில் படாத பொருளாகத்தான் இருக்கும். தண்ணீர் பம்புக்கு உதிரி பாகங்கள் செய்யும் எங்கள் கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லேத்திலிருந்து வரும் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்ப்பார். தலைமுடி அகலம் பிசகியிருந்தாலும் சிவப்புச் சீட்டு கட்டி ஓரமாகத் தள்ளிவிடுவார். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. சம்பளம் போடுகிற எனக்கே அதைப் பார்த்தால் ஒரு கணம் யாரென்று பிடிபடாது.

இந்தக் குணம் கம்பெனி கேட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கேன்டீன் வடையைக் கையில் எடுத்தால், ஓட்டை சரியாக நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். ஒரு ஆயுத பூஜைக்கு வாங்கி வந்த பூசணிக்காய் ஒரு பக்கம் சப்பை என்று கடைக்கே திருப்பி அனுப்பினார். எப்படியும் ரோட்டில் போட்டு உடைக்கப் போகிற காய் அது. தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், அந்த வீட்டு வாசல்நிலை கோணல் என்று பெண்ணின் அப்பாவிடமே சொல்லிவிட்டு வந்தார். தம்பி அதற்கப்புறம் தானே ஒரு பெண்ணைப் பார்த்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அண்ணனுக்குப் போட்டோ மட்டும் அனுப்பினார். போட்டோ கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்று இவர் பதில் போட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு பழைய கார் வாங்கினார். அதுவும் தூரத்தில் நின்று பார்த்து வாங்கினார்.

எல்லாம் செல்போன் வீடியோ செய்த வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரன், துருப்பிடித்த பழைய காரில் டர்போ எஞ்சின் தூக்கி வைப்பதைப் பார்த்திருக்கிறார். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையை வைத்தே ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றவிட்டு, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள்ளேயே திருப்பி அனுப்பும் சமாசாரம்தான் டர்போ. வண்டிக்கு இரட்டைப் பலம் வந்துவிடுமாம்.

“பாத்தியா நைனா, சோறு துன்ற நேரத்துல முடிச்சுட்டான். இவ்ளோதான் மேட்டரு” என்று என்னிடம் காட்டினார். அவன் பல மாதம் செய்த வேலையை வெட்டி ஒட்டிப் போட்டிருக்கிறான் என்பது, ஒரு நூல் பிசகைக் கண்டுபிடிக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆவடி ரோட்டில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போவதற்கு இரட்டைப் பலம் எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

வண்டி வேப்பம்பட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றது. கான்டெஸா. ஒரு காலத்தில் சினிமா வில்லன்கள் வந்து இறங்கிய கார். இப்போது அதன் மேல் பீர்க்கங்கொடி படர்ந்து, கூரையில் காய் காய்த்திருந்தது. ரிஜெக்ட் அண்ணன் கொடியின் இடுக்கில் தெரிந்த முன்விளக்கைப் பார்த்து, “ஷோக்கா கீது” என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

விலை பேசி முடித்த பிறகுதான் பானெட்டைத் திறந்தோம். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோழி உட்கார்ந்து எங்களை முறைத்தது.

அந்த வீட்டு அம்மா நிதானமாகச் சொன்னார்: “எஞ்சின எப்பவோ வித்துட்டோம்பா. கோழி அடைக்கு ஒக்காந்துக்கீது. குஞ்சு பொரிக்கட்டும், அப்பால வந்து இட்டுக்கினு போ.”

ரிஜெக்ட் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. பழைய எஞ்சினைக் கழற்றும் வேலை மிச்சம் என்றார். குஞ்சுகள் வெளியே வரும்வரை காத்திருந்தார்.

அவர் வீடு இருந்த சந்தில் சைக்கிளே பக்கவாட்டில்தான் போகும். சேக்காட்டில் நான் குடியிருந்த வாடகை வீட்டிலோ ஒரு போர்ட்டிகோ சும்மா கிடந்தது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்கூட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிறு கட்டி இழுத்து வந்து காரை அங்கே நிறுத்திவிட்டு, “ரெண்டே வாரம்” என்றார். என் மனைவி சுமதி காரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். அந்த மூன்றாவது பார்வையைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

அதற்குப் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் குமணன்சாவடியில் கழிந்தன. அங்கே பழைய வண்டிகளைப் பிரித்து பாகம் பாகமாக விற்கும் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். சிரித்த முகம், சுத்தமான வெள்ளைச் சட்டை. எந்தப் பாகத்தைத் தொட்டாலும் அது ஒரு டாக்டர் ஓட்டிய வண்டியிலிருந்து வந்தது என்பார். டீசல் எஞ்சின் டாக்டர் வண்டியுடையது. ரேடியேட்டர் வேறொரு டாக்டர் வண்டியுடையது. அவர் சொன்னபடி பார்த்தால் பூந்தமல்லி வட்டாரத்தில் டாக்டர்கள் வண்டியை மோதுவதைத் தவிர வேறு வைத்தியமே பார்க்கவில்லை.

கம்பெனியில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிற மனிதர், இங்கே கிரீஸும் சேறும் அப்பிய இரும்பைக் குழந்தையைப் போல ஏந்தி வாங்கினார். எஞ்சினில் டர்போ இருந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டினேன்.

பாய் அசரவில்லை. “டாக்டர் ரொம்ப மெதுவா ஓட்றவரு சார். அவருக்குத் தேவப்படல, கழட்டி வெச்சுட்டாரு” என்றார். ரிஜெக்ட் அண்ணன் தலையாட்டினார். அது நியாயமாகத்தான் இருக்கிறது என்று எனக்கே விளக்கவும் செய்தார்.

கழற்றப்பட்ட அந்த டர்போ சில வாரம் கழித்து அதே கடையில், வேறு ஒரு டாக்டர் பெயரில் கிடைத்தது. இரும்பில் வார்த்த பெரிய நத்தை மாதிரி இருந்தது. அதை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மேடு பள்ளத்தில் குலுங்கக் கூடாதென்று டிரைவரை ஊர்வல வேகத்தில் ஓட்டச் சொன்னதில், பின்னால் வந்த பஸ்காரர்கள் எங்கள் இரண்டு குடும்பத்தையும் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

போர்ட்டிகோ நிறைந்து, பாகங்கள் வீட்டுக்குள் வர ஆரம்பித்தன. கியர்பாக்ஸ் ஹாலில் டி.வி.க்குக் கீழே உட்கார்ந்தது. சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் நீளத் தண்டு பூஜை அலமாரியை ஒட்டிச் சாய்ந்து நின்றது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு வெள்ளிக்கிழமை அதற்கும் பொட்டு வைத்துவிட்டுப் போனார். டர்போ காற்றைக் குளிர வைக்கும் அலுமினியத் தட்டி ஒன்று வந்தது. சுமதி கோபத்தில் அதன் மேல் வடாம் பிழிந்து வெயிலில் காய வைத்தாள். அவர் அதையும் பார்த்துவிட்டு, காற்றோட்டம் நன்றாக இருப்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா என்று சந்தோஷப்பட்டார்.

சுமதி ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள். “அண்ணே, நான் குடும்பம் நடத்தறதா, ஒர்க்‌ஷாப் நடத்தறதா?”

“ஒரே ஒரு தட்டுதாம்மா பாக்கி” என்றார் அவர்.

அந்த ஒரே ஒரு தட்டுதான் அவர் பிழைப்பையே ஆட்டியது. புது எஞ்சினுக்கும் கான்டெஸாவின் கியர்பாக்ஸுக்கும் திருகாணி ஓட்டைகள் பொருந்தாது. நடுவில் ஒரு கனமான இரும்புத் தட்டு வைத்து இரண்டையும் சேர்க்க வேண்டும். அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை, பாயிடம்கூட இல்லை. செய்துதான் ஆக வேண்டும். ரிஜெக்ட் அண்ணன் கம்பெனி லேத் ஓட்டும் தாமோதரனிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டார். தாமோதரன் கம்பெனி இரும்பில், கம்பெனி நேரத்தில் தட்டைச் செய்து, யார் கண்ணிலும் படாமலிருக்க மற்ற பாகங்களோடு டிரேயில் வைத்து இவர் மேஜைக்கு அனுப்பினார். இவர் அதை அப்படியே பைக்குள் போட்டுக்கொள்வார் என்று அவர் நம்பினார்.

ரிஜெக்ட் அண்ணன் தட்டை எடுத்தார். அளந்தார். திருப்பிப் போட்டு மறுபடி அளந்தார். எதிரே தாமோதரன் கண்ணால் என்னென்னவோ ஜாடை காட்டினார். இவர் சிவப்புச் சீட்டை எடுத்து அதில் கட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து புரொடக்‌ஷன் மேனேஜர் வந்தார். ரிஜெக்ட் அண்ணன் திருப்பி அனுப்பிய பாகங்களுக்காக முதலாளியிடம் திட்டு வாங்கியே தலைமுடியை இழந்தவர் அவர். தட்டைக் கையில் தூக்கி, “இது எந்த ஜாப்?” என்று கேட்டார்.

“நம்ம ஜாப் இல்ல சார். என் வண்டி ஜாப்.”

“உன் சொந்த வேலைக்கு எதுக்குய்யா சீட்டு கட்டின?”

“ஓட்டை ஒரு நூல் தள்ளிக்கீது சார். பாஸ் பண்ண முடியாது.”

மேனேஜர் பல வருஷமாகக் காத்திருந்த நாள் அது. மெமோ வந்தது. ரிஜெக்ட் அண்ணன் அதிலிருந்த எழுத்துப்பிழையை வட்டமிட்டுக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். விசாரணையில் எதையும் மறைக்கவில்லை. தாமோதரனைப் பற்றிக் கேட்டபோது மட்டும், நான்தான் அவனை மிரட்டிச் செய்ய வைத்தேன் என்றார். தாமோதரன் கதவு நிலையில் குனிந்து வருகிற ஆள். ரிஜெக்ட் அண்ணன் அவர் தோளுக்குக் கீழேதான் நிற்பார். கேட்டுக்கொண்டிருந்த யாரும் சிரிக்கவில்லை. தாமோதரன் தப்பித்தார். இவரை இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து எடுத்து, ஸ்டோர் ரூமில் நட்டு போல்ட்டுகளுக்குக் காவலாகப் போட்டார்கள். அடுத்த புகாரில் வேலையே போகும் என்று எழுதியும் கொடுத்தார்கள்.

கம்பெனியில் தீபாவளி மாதிரி இருந்தது. எல்லாப் பாகமும் பாஸ். கேன்டீனில் வடை எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் வந்தது.

ரிஜெக்ட் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதும்போல வந்தார். ஆனால் எந்தப் பாகத்தையும் தொடவில்லை. எஞ்சின் இல்லாத காரின் டிரைவர் சீட்டில் ஏறி, ஸ்டீயரிங்கில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரு நாள், மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று நான் கேட்டதற்கு, “வேணாம் நைனா, பாயாண்ட சொல்லி எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடலாம்” என்றார். போர்ட்டிகோ காலியாக வேண்டும் என்று அத்தனை நாள் சண்டை போட்ட சுமதி, அன்று என்னை உள்ளே கூப்பிட்டு, அந்த மனுஷனை அப்படியெல்லாம் பேச விடாதீர்கள் என்று கோபித்துக்கொண்டாள்.

நாங்கள் அனுப்பிய சரக்கு இதற்குள் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்து, லாரியோடு திரும்பி வந்தது. எங்கள் பாகங்களைப் பொருத்திய பம்புகளில் பாதி ஒழுகினவாம். முதலாளி மேனேஜரைக் கூப்பிட்டுப் பேசினார். கதவு மூடியிருந்தும் அக்கவுண்ட்ஸில் என் மேஜை வரை கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கார் சீட்டில் உட்கார்ந்திருந்தவரிடம், நாளையிலிருந்து உன் மேஜைக்கே வந்துவிடு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பப் போனார். போகிற போக்கில் டர்போவைப் பார்த்துவிட்டார்.

“இதைத் தலைகீழா வெச்சிருக்கய்யா” என்றார்.

“இல்ல சார், கரீட்டாதான் கீது.”

விவாதம் முற்றியது. மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். இருட்டும்போது எழுந்து போனார். இளமையில் அவருக்கும் ஒரு கார் ஆசை இருந்ததாம். கல்யாணம் ஆனதும் விற்றுவிட்டாராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, டர்போவிடம் சொன்னார்.

தட்டு மறுபடி செய்யப்பட்டது. இந்த முறை முதலாளியின் அனுமதியோடு, கழிவு இரும்பில், சாப்பாட்டு நேரத்தில். ரிஜெக்ட் அண்ணன் அதையும் இரண்டு தடவை ரிஜெக்ட் செய்தார். மேனேஜரே தாமோதரனுக்கு ஆறுதல் சொன்னார். ஆவடி மெக்கானிக் ஒருவர் வந்து எஞ்சினைத் தொங்கவிட்டுப் பொருத்தினார். எஞ்சின் மாற்றத்துக்கு முறைப்படி அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றுவதற்காக நடந்த நடைக்கு, ரிஜெக்ட் அண்ணன் திருப்பதிக்கே போய் வந்திருக்கலாம்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது தெரு முழுக்க வெள்ளைப் புகை. கொசுமருந்து வண்டி வந்துவிட்டதென்று எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். புகை அடங்கியதும், ரிஜெக்ட் அண்ணன், நான், பின்னால் சுமதியும் மேனேஜரும் என்று நாலு பேரும் குமணன்சாவடிக்குக் கிளம்பினோம். பாயிடம் காட்ட வேண்டுமாம்.

பூந்தமல்லி ரோட்டில் ஓரிடத்தில் முன்னால் வண்டிகள் இல்லாமல் கொஞ்சம் வழி கிடைத்தது. அவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். எங்கிருந்தோ ஒரு மெல்லிய விசில் கிளம்பி உயர்ந்தது. முதுகு சீட்டில் ஒட்டியது. டர்போ சுற்றுகிறது. ரிஜெக்ட் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணில் நீர் முட்டி நின்றது. துடைத்தால் ஸ்டீயரிங்கை விட வேண்டுமே என்று அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த இரட்டைப் பலம் ஒரு ஷேர் ஆட்டோவின் முதுகு வரை நீடித்தது. பிறகு குமணன்சாவடி சிக்னலில், பச்சை விளக்கு விழுந்த அதே நொடியில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் அத்தனை பஸ்ஸும் ஹாரன் அடித்தன. மேனேஜரும் நானும் இறங்கித் தள்ளினோம். பாய் தன் கடை ஆட்களோடு ஓடிவந்து தோள் கொடுத்தார். காற்றுக் குழாய் ஒன்று கழன்றிருந்தது. அதை இறுக்கிவிட்டு, புது கிளாம்ப் ஒன்றும் போட்டுக் கொடுத்தார். அது எந்த டாக்டருடையது என்று கேட்க எங்களுக்குத் தெம்பில்லை.

கார் இப்போது அடுத்த தெருவில் ஒரு ஷெட்டில் நிற்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதோ ஒரு கதவுக் கைப்பிடியோ கண்ணாடி பிடிக்கும் ரப்பரோ வாங்க வேண்டும் என்று அவர் எங்கள் வாசலுக்கு ஓட்டி வந்துவிடுகிறார். நான் போர்வைக்குள்ளிருந்தே அவரைத் திட்ட ஆரம்பிப்பேன். தெருமுனையில் அந்த விசில் கேட்டதுமே, சுமதி இன்னும் ஒரு டம்ளர் காபிக்குச் சேர்த்துப் பால் வைத்துவிடுகிறாள்.