மனக்குரலுக்கு மைக் வைத்த கதை

‘நான்’ என்று தொடங்கும் கதைகளில் அந்த ‘நான்’ எப்போதும் நல்லவளாகத்தான் இருப்பாள். நான் எழுதிய ஒரே கதையிலும் அப்படித்தான். அவள் பொறுமைசாலி, வாயில்லாப் பூச்சி, அழும்போதுகூட அழகாக அழுவாள். (நான் அழுதால் முதலில் மூக்கு வீங்கும். அதையெல்லாம் யார் எழுதுவார்கள்?)

அப்போது எங்களுக்கு ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வீடு. பையனுக்கு ஏழு மாதம். எனக்கு அம்பத்தூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் மாமியார் திண்டிவனத்திலிருந்து வந்திருந்தார். அவர் கோபித்துக்கொண்டு பெட்டியைக் கட்டினால், நானும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். வேறு ஆள் இல்லை.

அத்தை நல்லவர்தான். ஆனால் பேசிக்கொண்டே இருப்பார். “குழந்தைய அப்படித் தூக்காத, கழுத்து சுளுக்கிக்கும்.” “நீ போய்ச் சாப்பிடு, உனக்கு அவனைத் தூங்க வைக்க வராது.” நான் பதிலே சொல்ல மாட்டேன். (தைரியம் இல்லாததைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.) சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் ஒரு கதையாக எழுதி, புனைபெயரில் ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அச்சில் வந்துவிட்டது.

வந்ததோடு விட்டிருக்கலாம். பெருமை தாங்காமல் கீழ்வீட்டு விஜயாவிடம் சொன்னேன். அவள் குடியிருப்போர் சங்கத்தில் சொன்னாள். ஆயுத பூஜை விழாவில் அதையே நாடகமாகப் போடுவது என்று ஒரே வாரத்தில் முடிவாகிவிட்டது. மருமகளாக விஜயா, மாமியாராக எதிர் பிளாக் தனலட்சுமி அக்கா.

நாடகமாக மாற்றி எழுத நான் உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. கதையில் மருமகள் வாய் திறப்பதே இல்லை. எல்லாம் மனதுக்குள். காகிதத்தில் மனதைத் திறந்து காட்டிவிடலாம், மேடையில் எப்படிக் காட்டுவது? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மாமியார் ஒவ்வொரு முறை பேசி முடித்ததும் விஜயா சிலைபோல நிற்க வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து மைக்கில் நான் அவளுடைய மனதாகப் பேசுவேன்.

வசனத்தைப் படித்த என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். “இதெல்லாம் எங்கம்மா பேசறதாச்சே?”

“எல்லா மாமியாரும் பேசறதுதாங்க.”

“நல்லா மாட்டப் போற.”

மாட்டமாட்டேன் என்றுதான் நம்பினேன். “கூட்டம் எனக்கு ஆகாது, நான் குழந்தையோட வீட்லயே இருக்கேன்” என்று அத்தையே சொல்லிவிட்டார். அதோடு நிற்காமல், “மாமியார் வேஷத்துக்கு என் அரக்குப் புடவைய எடுத்துக்கோ” என்று மடித்துக் கையில் வேறு கொடுத்தார். வேண்டாம் என்றால் சந்தேகப்படுவாரோ என்று பயந்து வாங்கிக்கொண்டேன். (பயத்தில் என் மூளை வேலை செய்யும் லட்சணம் இது.)

திரை விலகியது. அரக்குப் புடவையில் தனலட்சுமி அக்கா வந்தார். “குழந்தைய அப்படித் தூக்காத, கழுத்து சுளுக்கிக்கும்.” விஜயா சிலையானாள். நான் மைக்கை வாயருகே கொண்டுபோனபடி திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

முன்வரிசையில் அத்தை. மடியில் என் பையன், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு.

நான் வாசிக்க வேண்டிய முதல் வரி: ‘இந்த நரம்பில்லாத நாக்கு என்றைக்குத்தான் ஓயும்?’

குரல் வரவில்லை. கோவில்பதாகை ஊரிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைக் செட்காரர் தன் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

“இன்னாக்கா, மைக்கு நல்லாதான் கீது. நீதான் வாயத் தொறக்க மாட்ற.”

“ரிப்பேர்னு சொல்லிடுங்கண்ணே.”

“என் மைக்கா ரிப்பேரு? நாளைக்கு எவன்க்கா என்னக் கூப்புடுவான்?”

நான் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

“அய்ய! இன்னாக்கா இது!”

மேடையில் விஜயா இன்னும் சிலையாகத்தான் நின்றாள். மனக்குரல் முடியும்வரை கண்கூட அசையக் கூடாது என்று ஒத்திகையில் நான்தான் மிரட்டி வைத்திருந்தேன். மனம் பேசவே இல்லை. அவள் தனலட்சுமி அக்காவையே வெறித்துக்கொண்டு நின்றாள். அக்கா தவித்துப்போய் அடுத்த வசனத்துக்குத் தாவினார். “நீ போய்ச் சாப்பிடும்மா. நான் தூங்க வைக்கிறேன்.” மறுபடியும் சிலை. மறுபடியும் அதே வெறிப்பு.

கூட்டம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது.

“அந்தம்மா சாப்புடச் சொல்லுது, இது மொறைக்குது பாரேன்!”

“இன்னா திமிரு! படிச்ச திமிரு!”

கடைசிக் காட்சிக்குள் என் கதாநாயகி வில்லியாகிவிட்டாள். மாமியாரின் ஒவ்வொரு வசனத்துக்கும் கைதட்டல். நானும் திரைக்குப் பின்னால் அந்த வசனங்களை என் விளக்கவுரை இல்லாமல் முதல் முறையாகக் கேட்டேன். சாப்பிடச் சொல்கிறார். ஓய்வெடுக்கச் சொல்கிறார். அவ்வளவுதான். குத்துகிற வரிகள் எல்லாம் என் கையிலிருந்த காகிதத்தில்தான் இருந்தன.

நாடகம் முடிந்ததும் அத்தை குழந்தையோடு உள்ளே வந்தார். பின்னாலேயே என் கணவர்.

“வீட்ல ஒரே புழுக்கம். இவன் தூங்கல, அதான் தூக்கிட்டு வந்தேன். நீ எழுதினதாமே?”

தலையாட்டினேன். பெட்டி, திண்டிவனம் பஸ், தலைமை ஆசிரியையிடம் நீட்டப்போகும் ராஜினாமாக் கடிதம் எல்லாம் வரிசையாகக் கண்ணுக்குள் ஓடின.

“எல்லாரும் அந்த மருமகளத் திட்டறாங்க. எனக்கு அந்தப் பொண்ணப் பாத்தாதான் பாவமா இருந்துச்சு. அந்தம்மா எங்க அவளப் பேச விட்டுது? தொணதொணன்னு!” என்றவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “அது எங்க ஓரகத்திதானே? என் புடவையச் சுத்திவிட்டா எனக்குத் தெரியாமப் போயிடுமா? உங்க கல்யாணத்துல ஒரு நாள் பாத்ததுக்கே அவள எப்படிம்மா அச்சு அசலா எழுதின!”

“ஆமாம் அத்தை” என்றேன். என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பி இருமிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வழக்கம்போல பள்ளிக்குப் போனேன். பையன் பள்ளியில் சேரும்வரை அத்தை எங்களோடுதான் இருந்தார்.

ஆனால் அவர் ஊருக்குப் போனபோது விஷயத்தை ஓரகத்தியிடமே சொல்லிவிட்டார். ஒரு பாவமும் அறியாத அந்தப் பெரியம்மா சண்டைக்கு வருவார் என்று நான் பல நாள் நடுங்கினேன். அவரோ அதை ஒரு பெரிய கௌரவமாக எடுத்துக்கொண்டார். பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு. இன்றும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், “என்னை வச்சு நாடகம் போட்டவ இவதான். ஆவடியே கை தட்டுச்சாம்!” என்று எல்லோரிடமும் அறிமுகப்படுத்துகிறார்.

அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அத்தை என் காதருகே குனிவார். “தன்னைத்தான் சொல்லியிருக்குன்னு கொஞ்சமாவது உறைக்குதா பாரு. சில பேருக்குத் தன்னைத் தனக்கே தெரியாது.”

சரியாக அந்த நேரம் பார்த்து, ஒவ்வொரு பந்தியிலும், என் கணவருக்குப் புரையேறும்.