கிளெமென்ட் எடுத்த சீட்டு

துவைத்துக் காயப்போட்டிருந்த சட்டையின் பைக்குள் விரலை விட்ட கிளெமென்ட்டின் கையில் வந்தது சீட்டு அல்ல, கொழகொழவென்று ஒரு வெள்ளை உருண்டை. அதை உள்ளங்கையில் வைத்துப் பிரித்துப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். சோப்புப் பவுடர் வாசனை வந்ததே தவிர ஓர் எழுத்துகூட மிஞ்சியிருக்கவில்லை.

"என்னங்க தேடறீங்க?" உள்ளேயிருந்து மனைவி அன்னா கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. சும்மா காத்து வாங்கறேன்."

"சட்டைப் பைக்குள்ள கையை விட்டா காத்து வருதா?"

கிளெமென்ட் சட்டையை மறுபடி கொடியில் போட்டார். உண்மையைச் சொல்லக் கூடாது. கட்டிய மனைவியிடம்கூடச் சீட்டைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான்.

லிங்கராஜபுரத்தில் பக்கம் பக்கமாக உள்ள பத்து கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து வாராவாரம் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்கு அவர் பொறுப்பாளர். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று, அன்பியத்தின் பெரியவர்கள் அத்தனை பேர் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள். ஆளுக்கொரு சீட்டு. யார் பெயர் வருகிறதோ அவருக்கு நாற்பது நாளும் ரகசியமாக உதவி செய்ய வேண்டும். உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டர் சாயங்காலம் எல்லாரும் கூடும்போதுதான் யாருக்கு யார் என்று வெளியே வரும். தன் பெயரே தனக்கு வந்தால் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். "மத்தபடி யார் பேர் வந்தாலும் ஆண்டவர் குடுத்ததுன்னு ஏத்துக்கணும்" என்று கையை உயர்த்திச் சொன்னவரும் கிளெமென்ட்தான்.

சீட்டை வீட்டில் தனியாக, இராச் செபம் முடித்துப் பிரிக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். உபவாசக் களைப்பில் அன்றிரவு அவர் செபத்தின் நடுவிலேயே தூங்கிப்போனார். மறுநாள் பொம்மசந்திராவில், அவர் சூப்பர்வைசராக இருக்கும் தொழிற்சாலையின் கேன்டீனில், "கூப்பன் இல்லாம சோறு கிடையாது சார்" என்று பரிமாறும் பெருமாள்சாமி கையை விரித்தபோதுதான், பையைத் தடவிப் பார்த்தவருக்குச் சீட்டின் ஞாபகமே வந்தது. பசியோடு வீட்டுக்குப் பறந்து வந்தார். வந்து பார்த்தால் உருண்டை.

தொலைத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால் என்ன? அங்கேதான் சிக்கல். போன வருஷம் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் சந்தானம் சீட்டைத் தொலைத்துவிட்டு அசடு வழிய நின்றபோது, கிளெமென்ட் அத்தனை பேர் முன்னாலும் அவரை அரைமணி நேரம் காய்ச்சி எடுத்தார். "ஒரு துண்டுக் காகிதத்தைக் காப்பாத்தத் தெரியாதவர், நாளைக்குத் திருச்சபையை எப்படிக் காப்பாத்துவார்?" என்றுகூடக் கேட்டார். அந்தச் சந்தானமும் கிளெமென்ட்டும்தான் இந்த வருஷம் சர்ச் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைத் துணைத் தலைவர் பதவிக்குப் போட்டி. பங்குத்தந்தை மதலைமுத்து முடிவை உயிர்ப்பு ஞாயிறு கூட்டத்தில்தான் அறிவிப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதினெட்டு வருஷமாக முதல் பெஞ்சில் உட்கார்ந்து கிளெமென்ட் காத்திருக்கும் பதவி அது.

இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தவருக்கு விடியும் நேரத்தில் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது. யாருக்கு என்று தெரியவில்லையா? எல்லாருக்கும் செய்துவிட்டால் போயிற்று! அதில் அந்த ஆளும் அகப்படாமலா போவார்? சந்தோஷம் தாங்காமல் லேப்டாப்பைத் திறந்து பட்டியல் போட்டார். செய்ய வேண்டிய வீடுகள் ஒன்பது. காலை ஐந்து மணியிலிருந்து ஆறரைக்குக் கம்பெனி பஸ் வரும் வரை ஒன்றரை மணி நேரம். முகம் தெரியாமலிருக்க ஹெல்மெட்.

மறுநாள் விடியற்காலை ஹெல்மெட்டும் ஸ்பேனருமாக வாசலுக்கு வந்தவரை அன்னா காபியோடு மறித்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஸ்பேனர் எல்லாம் எதுக்கு? நம்ம…" என்று ஆரம்பித்தவள் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரி சரி, நான் எதுவும் கேக்கல. நீங்க போயிட்டு வாங்க."

தவக்காலம் வந்தாலே இவள் முகத்தில் ஒரு தெய்வகளை வந்துவிடுகிறது என்று மனதுக்குள் மெச்சியபடி கிளெமென்ட் படியிறங்கினார்.

பிரிஜெட் அக்காவுக்கு முழங்கால் வலி, வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே வைத்துவிட்டுப் போகும் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் தூக்கி மேலே வைத்தார். மௌரீன் டீச்சர் வீட்டுப் பின்பக்கக் குழாய்க்கு வாஷர் மாற்றினார். சந்தானத்தின் ஸ்கூட்டரைத் துடைத்தார். துடைக்கும்போது பல்லைக் கடித்தார் என்றாலும் துடைத்தார். ஒன்பது வீடும் முடிந்து பஸ் ஏறும்போது இடுப்பு இரண்டாகப் பிளந்துவிட்டது போலிருந்தது. மனசு மட்டும் பறந்தது.

இரண்டாவது வாரம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாவது வாரம் மௌரீன் டீச்சர் கேட்டில் ஒரு பை தொங்கியது. தினமும் குப்பை வண்டிக்குப் பின்னால் டீச்சர் நைட்டியோடு ஓடுவதைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருந்த கிளெமென்ட், பையை எடுத்துப்போய் வண்டியில் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பத்து நிமிஷத்தில் டீச்சரின் குரல் தெருவையே எழுப்பியது.

"ஐயோ, என் பையைக் காணோமே! பத்தாம் கிளாஸ் விடைத்தாள் எல்லாம் அதுலதான் இருக்கு!"

கிளெமென்ட் பைக்கை உதைத்துக் கிளம்பினார். இரண்டு தெரு தள்ளி வண்டியை மடக்கினார். ஓட்டுநர் மஞ்சுநாத் எட்டிப் பார்த்து, குப்பை போட இவ்வளவு வேகமா என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தார்.

"கசா கொடோக்கே இஷ்டு ஸ்பீடா சார்?"

"கொடோக்கல்லப்பா, தகொள்ளோக்கே!"

குப்பையைப் போட ஓடி வருபவர்களைத்தான் மஞ்சுநாத் பார்த்திருக்கிறார். எடுத்துப்போக ஓடி வந்த முதல் ஆள் இவர்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமல், வண்டிக்குள் பாதி உடம்பை விட்டு, நேற்றைய சாம்பாரையும் முந்தாநாள் மீன் முள்ளையும் தாண்டி, கிளெமென்ட் பையை மீட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதே கேட்டில் மாட்டினார்.

அன்று மதியம் அன்பியத்தின் வாட்ஸ்ஆப் குழு கொதித்தது. "பை தானா போச்சு, தானா வந்துச்சு. நாப்பத்திரண்டு பேப்பர்லயும் சாம்பார்!" என்று மௌரீன் டீச்சர் போட்டிருந்தாள். யாரோ ஹெல்மெட் ஆசாமி நடமாடுகிறான் என்று இன்னொருவர். நம் அன்பிய வீடுகளாகப் பார்த்து நோட்டம் விடுகிறான் என்று மூன்றாமவர். சாயங்காலம் சந்தானமே நேரில் வந்துவிட்டார்.

"கிளெமென்ட், ரூல்ஸை மீறி ஒரு ரகசியம் சொல்றேன். எனக்கு வந்தது பிரிஜெட் அக்கா பேரு. கேனைத் தூக்கி வெக்கலாம்னு தினம் போறேன். எவனோ எனக்கு முன்னாடி தூக்கி வெச்சிடறான்! என் தவத்தையே திருடறான் அவன். ஒரே பேஜாரா இருக்கு."

கிளெமென்ட்டின் உள்ளம் ஒரு துள்ளு துள்ளியது. பிரிஜெட் அக்கா பெயர் தன் சீட்டில் இல்லை! ஒரு கேன் மிச்சம்! ஆனால் அடுத்த கணமே துள்ளல் அடங்கியது. இவர் வந்து சொன்ன மறுநாளே கேன் ஏறாமல் நின்றால், ஹெல்மெட்டுக்குள் இருப்பது யார் என்று சந்தானத்துக்கு விளங்காதா? ஆகவே கேன் ஏறியே தீர வேண்டும். இன்னும் முன்னால், நாலரை மணிக்கே.

"பொறுப்பாளர் நீங்கதான் அவனைப் பிடிக்கணும்" என்றார் சந்தானம். குழுவில் எல்லாரும் கைகூப்பிய பொம்மையாகப் போட்டு ஆமோதித்தார்கள். அப்படியாக, கிளெமென்ட்டைப் பிடிக்கும் படைக்குக் கிளெமென்ட்டே தலைவரானார். காவல் முறை போட்டார். விடியற்காலை நேரத்தைத் தனக்கே வைத்துக்கொண்டார். "ரிஸ்க்கான நேரம். வேற யாரையும் அனுப்ப எனக்கு மனசு வரல" என்று அவர் எழுதியதைப் படித்து பிரிஜெட் அக்கா கண் கலங்கியதாகக் கேள்வி.

வீட்டில் அன்னாவின் தெய்வகளை மட்டும் வாரத்துக்கு வாரம் மங்கிக்கொண்டே வந்தது.

"ஏங்க, கிச்சன் குழாய் சொட்டிட்டே இருக்கு" என்றாள் ஒரு நாள்.

"உயிர்ப்புத் திருநாள் முடியட்டும்மா. இது சேவை செய்யற நேரம். நம்ம சொந்த வேலையெல்லாம் அப்புறம்."

அன்னா குழாய்க்கடியில் நிரம்பிய வாளியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாள்.

எப்படியோ நாற்பது நாளும் ஓடின. உயிர்ப்பு ஞாயிறு சாயங்காலம் பிரிஜெட் அக்கா வீட்டு ஹாலில் பத்து வீட்டாரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஃபாதர் மதலைமுத்து நடுவில் இருந்தார். ஒவ்வொருவராக எழுந்து யாருக்கு யார் என்று சொல்ல ஆரம்பிக்கும் முன் சந்தானம் குதித்து எழுந்தார்.

"ஒரு நிமிஷம் ஃபாதர்! எதிர் பில்டிங் கேமராவுல அந்த ஆசாமி மாட்டிட்டான். வீடியோ வாங்கிட்டு வந்திருக்கேன்."

டிவியில் படம் ஓடியது. ஹெல்மெட் போட்ட ஓர் உருவம் கேனைத் தோளில் ஏற்றி, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வாசலில் இறக்கியது. நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டது.

"திருடன் சிலுவை போடுவானா?" என்றாள் பிரிஜெட் அக்கா.

உருவம் இடது கையைத் தூக்கிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தது. நடுவிரலால் கடிகாரத்தை மூன்று தரம் தட்டியது.

ஃபாதர் மெல்லத் திரும்பினார்.

"இந்தத் தட்டல் எனக்குத் தெரியும். பதினைஞ்சு நிமிஷத்துக்கு மேல பிரசங்கம் போனா, வாராவாரம் முதல் பெஞ்சுல இதைத்தான் பார்க்கறேன்."

அத்தனை முகங்களும் கிளெமென்ட் பக்கம் திரும்பின. அவர் எழுந்தார். இதற்கு மேல் எதை மறைப்பது?

"ஆமாம் ஃபாதர், நான்தான். என் சீட்டு சட்டையோட சேர்த்துத் துவைச்சதுல போயிடுச்சு. போன வருஷம் சந்தானத்தை அத்தனை பேசிட்டு, நானே தொலைச்சேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. யாருன்னு தெரியாததால எல்லாருக்கும் செஞ்சேன். டீச்சர், அந்தச் சாம்பாருக்கும் நான்தான் காரணம். சந்தானம், என்னை மன்னிச்சிடுங்க."

சந்தானம் பாய்ந்து வந்து கிளெமென்ட்டைக் கட்டிக்கொண்டார். "என் ஸ்கூட்டரைக்கூடத் துடைச்சது நீங்கதானா?" என்று கேட்டார். மௌரீன் டீச்சர் சிரித்தபடி கண்ணைத் துடைத்தாள். யாரோ கைதட்ட ஆரம்பிக்க ஹால் முழுதும் அதிர்ந்தது. கிளெமென்ட்டுக்கு நாற்பது நாள் இடுப்பு வலியும் அந்த இடத்திலேயே பறந்துபோனது.

"நானே விலகிக்கறேன் ஃபாதர்" என்றார் சந்தானம். "இவர்தான் துணைத் தலைவரா வரணும்."

ஃபாதர் அங்கியிலிருந்து ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார். "ஒரு சீட்டைத் தொலைச்ச மனுஷன் ஒன்பது வீட்டைச் சுமந்திருக்கார். பேரை எழுதறதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி. அந்தச் சீட்டுல இருந்தது யார் பேருன்னு கடைசி வரைக்கும் தெரியலையா?"

"தெரியல ஃபாதர்." கிளெமென்ட் நெஞ்சை நிமிர்த்தினார். "ஆனா யாரா இருந்தாலும் அவங்களுக்கு நான் செஞ்சிருப்பேன். நம்ம அன்பியத்துல ஒருத்தரைக்கூட விடல."

மறுபடியும் கைதட்டல். அது அடங்கும்வரை, கேக் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்த அன்னா காத்திருந்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்து, தன் ஜெபப் புத்தகத்தைத் திறந்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாத ஒரு சீட்டை எடுத்து ஃபாதரின் கையில் கொடுத்தாள்.

"துவைச்சதுல போனது அவரோட கேன்டீன் கூப்பன் ஃபாதர், சீட்டு தொலைஞ்சிடக் கூடாதேன்னு நான்தான் எடுத்து வெச்சேன், அதுல என் பேருதான் இருக்கு, குழாய் இன்னும் சொட்டிட்டுதான் இருக்கு."