ஆடு பத்தும்போது ஒரு மாத்திரை

கோவில்பட்டி வட்டாரத்தில் போலீஸைவிட அதிகம் பேருடைய பையைச் சோதனை போட்டவர் எங்கள் கொட்டு அண்ணாச்சிதான். எட்டயபுரம் ரோட்டில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் அவர் மருந்தாளுநர். பக்கத்து ஜன்னலில் நான் ஓ.பி. சீட்டு எழுதினேன்.

சீட்டை நீட்டினால் அவரிடம் மாத்திரை வராது. "பையக் கொட்டுங்க" என்பார். வீட்டிலுள்ள மாத்திரை அத்தனையும் மேஜையில் விழ வேண்டும். கூடவே வெற்றிலை விழும், பஸ் டிக்கெட் விழும், சர்க்கரை நோயாளியின் பையிலிருந்து கடலைமிட்டாய் விழும். ஒருமுறை பல்செட் விழுந்தது. அதையும் எத்தனை வேளை போடுகிறார் என்று விசாரித்த பிறகே திருப்பித் தந்தார். வரிசை நகராது. திட்டெல்லாம் என் ஜன்னலுக்கு வரும்.

கடிகாரம் பார்க்காதவர்களிடம் எட்டு மணி என்று சொல்லி என்ன பயன் என்பது அவர் கட்சி. ஆடு மேய்க்கும் ராமையாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுத்தபோது, காலையில் மேய்ச்சலுக்கு ஆடு பத்தும்போது ஒன்று, சாயங்காலம் பட்டியில் ஆடு அடையும்போது ஒன்று என்று சொல்லி அனுப்பினார். ராமையா சொன்ன சொல் தவறாதவர். ஐப்பசியில் நாலு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மாத்திரை போட்டீர்களா என்று அண்ணாச்சி கேட்டார்.

"மழைல ஆடே பத்தலயே, அண்ணாச்சி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தப்பு தன்னுடையது என்றார். ராமையா மாதிரி இன்னும் எத்தனை பேரோ என்று மறுநாளே மொபட்டில் ராமையாவின் ஊருக்குக் கிளம்பினார். கரிசல் சகதி வண்டியைப் பிடித்துக்கொண்டது, செருப்பையும் வாங்கிக்கொண்டது. வெறுங்காலோடு வீடு வீடாகப் போய், ஆடு பத்தினாலும் பத்தாவிட்டாலும் மாத்திரை உண்டு என்று திருத்தம் சொல்லிவிட்டு வந்தார்.

தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை பார்த்த மாரியம்மா தினமும் பதினோரு மணிவாக்கில் மயங்கி விழுந்தார். வீட்டில் தாயத்து கட்டினார்கள். ஆபீஸில் இனி வரவேண்டாம் என்றார்கள். அழுதுகொண்டே எங்களிடம் வந்து பையைக் கொட்டினார். இரண்டு மாத்திரை அட்டைகள் விழுந்தன. ஒன்று நாங்கள் கொடுத்தது, மற்றது வெளியே கடையில் வாங்கியது.

அண்ணாச்சி இரண்டையும் புரட்டிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே சர்க்கரை மாத்திரைதான், தாயி. பேருதான் வேற. இரட்டிப்பா முழுங்குதீங்க, அதான் சர்க்கரை இறங்கி மயக்கம் வருது."

"ஒண்ணு வெள்ள, ஒண்ணு பச்ச. எனக்கு எப்பிடித் தெரியும்?"

அண்ணாச்சி ஒரு அட்டையைத் தனியே எடுத்து வைத்தார். "உங்களுக்குத் தெரியாதுதான். நாங்கதான் முன்னமே கேட்டிருக்கணும்."

கையோடு டாக்டரிடம் கூட்டிப்போய்ச் சீட்டை மாற்றினார். தீப்பெட்டி ஆபீஸுக்கும் போய், மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். மயக்கம் நின்றது. மாரியம்மா வேலைக்குத் திரும்பினார்.

அடுத்த மாதம் ஒரு நாள், கூட வேலை பார்க்கும் பதினாலு பெண்களை அழைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பதினாலு கையிலும் பதினாலு பை. மத்தியானத்துக்குள் அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிவிட்டது. சைகையிலேயே கொட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்து ஜன்னலில் இருந்தும் அத்தனை வருஷத்தில் நான் அவருக்கு ஒரு டீகூட வாங்கித் தந்ததில்லை. அன்றைக்குக் கடைக்குப் போய்ச் சுக்குக் காப்பி வாங்கி வந்து, மேஜையில் மாத்திரைகளை ஒதுக்கி டம்ளரை வைத்து, ஆறுவதற்குள் குடிக்கிறாரா என்று பக்கத்திலேயே நின்றேன்.