எரியல அண்ணனும் டிப்போ டாக்டரின் ஊசியும்

மனித உடம்புக்கு வலி என்று ஒன்று உண்டு என்பதையே ஒப்புக்கொள்ளாத ஆசாமி ஒருவரை நான் ஆம்பூரில்தான் பார்த்தேன். தேள் கொட்டினாலும் சரி, தோல் கட்டு காலில் விழுந்தாலும் சரி, அவர் வாயிலிருந்து வருவது ஒரே சொல்தான்: "எரியல." தேள்கடிக்கு அது பொருத்தமான பதில்தானா என்று யாரும் அவரிடம் விசாரித்ததில்லை. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரும் எங்களில் யாருக்கும் தெரியாது.

நான் அப்போது சாயபு ஒருவரின் தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுதும் ரைட்டர். அங்கே ஆள் எடுப்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலை கேட்டு வருகிறவன் இரண்டு கைகளையும் முழங்கை வரை, தோலை மயிர் உதிர ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் விட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மேஸ்திரி பீடி பற்றவைத்து, நிதானமாக இழுத்துவிட்டு, "எரியுதா?" என்பார். எரியுது என்றவன் ஊருக்குப் போகலாம். நம் அண்ணன் வந்த அன்று மேஸ்திரி முதல் பீடியை முடித்து, இரண்டாவதையும் முடித்து, சாப்பிடவும் போய்விட்டாராம். திரும்பி வந்து பார்த்தால் ஆள் அப்படியே நிற்கிறார், கண்ணிலிருந்து தாரை தாரையாய்த் தண்ணீர் ஓடுகிறது. "எரியல மேஸ்திரி" என்றாராம். அன்றைக்கு வேலையும் பெயரும் சேர்ந்தே கிடைத்தன.

அந்தக் குழி அவர் கைகளை நன்றாகக் கவனித்துக்கொண்டது. விரல் நுனிகள் வெடித்திருக்கும். புறங்கையிலும் முழங்கையிலும் தோல் வெந்து, உரிந்து, வெளுத்துத் திட்டுத் திட்டாக இருக்கும். அவர் மனைவி கன்னியம்மா அதே ஷாப்பில் தோல் பதப்படுத்த ஆவாரம்பட்டை இடிப்பவள். மகள் செல்லி எட்டு வயதுக்காரி. அவளுக்கும் ஒரு சின்ன உலக்கை தேடலாமா என்று மேஸ்திரி விளையாட்டாகக் கேட்ட அன்றுதான் எரியல அண்ணன் என் மேஜையருகே வந்து நின்றார்.

"ரைட்டர் சார், மலாய்க்குப் போய்டலாம்னு இருக்கேன். மச்சான் அங்க ரப்பர் தோட்டத்துல கங்காணி. ஒரேயடியா போய்ட்றது. திரும்பி வர்ற பேச்சே இல்ல."

"இங்கே என்ன குறை அண்ணே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. எம் பொண்ணு கை இந்தக் குழிப்பக்கம் வரக்கூடாது, அவ்ளோதான்."

கப்பல் ஏறுமுன் பட்டணத்துக்குப் பக்கத்தில், தோட்டக் கூலிகளைத் தங்கவைக்கும் டிப்போவில் டாக்டர் உடம்பைச் சோதிப்பார், தேறாதவனுக்குக் கப்பல் இல்லை என்று எல்லோரும் அவரைப் பயமுறுத்தினார்கள். அவர் அசரவில்லை. பினாங்கிலிருந்து திரும்பிய ஒருவனை வாரக்கணக்கில் பிடித்து வைத்து, டாக்டர் எதையெல்லாம் பார்ப்பார் என்று ஒன்று விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு என்னிடம் வந்து அடித்துச் சொன்னார்: "தோல் தரம் பிரிக்கற மாதிரிதான் சார். ஓட்ட இருக்கா, சூடு போட்ட தழும்பு இருக்கா, அவ்ளோதான் பாப்பாங்க."

அதற்கப்புறம் ஷாப்புக்குள் தினமும் ஒத்திகை. பட்டைக் குவியல் பக்கம் குடும்பத்தை நிறுத்திவைத்து, ஒரு மூங்கில் குழாயை மார்பில் வைத்துக் காதைக் கொடுப்பார். பல்லைத் தட்டுவார். கண் இமையைப் புரட்டுவார். அம்மை குத்திய தழும்பை உடனே காட்டத் தெரிகிறதா என்று பார்ப்பார். கன்னியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்போகூட நீ இவ்ளோ பாக்கலய்யா."

"அப்போ பாத்திருந்தா உன் சொத்தப்பல்லு தெரிஞ்சிருக்கும்" என்றார் அண்ணன். ஷாப்பே சிரித்தது. சாயபு கூட, ஒத்திகை நேரத்தில் கல்லாவை விட்டு எட்டிப் பார்ப்பார்.

குடியிருந்த குடிசையை விட்டாயிற்று, ஆட்டை விற்றாயிற்று. அழைத்துப்போக மச்சானும் வந்து சேர்ந்தான். ஸ்டேஷனில் நாங்கள் எல்லோரும் போய் நின்று வழியனுப்பிவைத்தோம். நாலைந்து நாள் கழித்து எரியல அண்ணன் மட்டும் தனியாகத் திரும்பி வந்து, சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். கன்னியம்மா தேறினாள், செல்லி தேறினாள். அண்ணனுக்கும் பல், கண், மார்பு எல்லாம் சுத்தம். துரை டாக்டர் கையைப் பார்த்தார். வெளுத்த திட்டுகளைப் பார்த்தார். பிறகு ஒரு ஊசியை எடுத்து, அந்தத் திட்டில் மெதுவாகக் குத்தினார். பினாங்குக்காரன் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லவே இல்லை. அவன் கையில் திட்டு இல்லை, அதனால் அவனுக்கு ஊசியும் இல்லை.

பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் கேட்டார்: "இன்னாயா, வலிக்குதா?"

எரியல அண்ணனுக்கு மனசுக்குள் ஒரே குஷி. இந்தப் பரீட்சையைத்தான் அவர் ஏற்கெனவே ஜெயித்திருக்கிறாரே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "ஒண்ணுமே தெரியல சாமி" என்றார். துரை இன்னும் ஆழமாகக் குத்தினார், ரத்தம் வந்தது. "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல சாமி. இன்னும் குத்தச் சொல்லுங்க."

துரை ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

வெளியே வந்த பிறகுதான் கம்பவுண்டர் விளக்கினார். திட்டில் குத்தி வலிக்கவில்லை என்றால் குஷ்டம் என்று அர்த்தம். அண்ணன் கேட்டாராம்: "அப்போ வலிக்குதுன்னு கத்தறவன்தான் இங்க நல்ல ஆளா?" ஆமாம் என்றார் கம்பவுண்டர். இப்படி ஒரு தலைகீழான ஊரை அண்ணன் கேள்விப்பட்டதே இல்லை.

கன்னியம்மா நானும் திரும்பி வருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். இவர்தான் விடவில்லை. "நீ போ. அடுத்த கப்பல்ல நான் வர்றேன்" என்று மச்சானோடு ஏற்றிவிட்டார். செல்லி அவர் கையைப் பிடித்துப் பார்த்து, ரத்தம் வந்த இடத்தைத் தொட்டு, "எரியுதாப்பா?" என்று கேட்டாளாம். என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

குஷ்டம் என்ற சேதி அவருக்கு முன்பே ஆம்பூருக்கு வந்துவிட்டது. ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்த தோஸ்துகள் விலகிக்கொண்டார்கள். "இப்பதான் சார் முழு பீடியும் எனக்கே எனக்கு" என்றார். நான் சிரித்தேன்.

இரண்டாவது தடவை அவர் டிப்போவுக்குக் கிளம்பியபோது நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். வழிநெடுக, "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க அண்ணே" என்று ஓதிக்கொண்டே போனேன். காட்பாடி வரைக்கும் கத்திக் கத்திப் பழகினார். பெட்டியில் இருந்தவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். டிப்போவில் இந்த முறை வேறு டாக்டர். அண்ணன் உள்ளே போன கொஞ்ச நேரத்தில், "ஐயோ அம்மா, எரியுதே, செத்தேனே" என்று ஓர் அலறல் கேட்டது. அப்பாடா, ஊசி குத்திவிட்டார்கள், தேறிவிட்டார் என்று வாசலில் நின்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஊசியை இன்னும் எடுக்கவே இல்லை. டாக்டர் மார்பில் குழாயை வைத்திருக்கிறார், அவ்வளவுதான். குழாய் பட்டதற்கே அலறுகிறவனுக்கு நெஞ்சில் பெரிய கோளாறு இருக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

"கொஞ்சம் ஜாஸ்தியா போய்டுச்சா சார்?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ரயிலில் ஆம்பூர் வரும் வரைக்கும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார்.

மூன்றாவது தடவை என்று ஒன்று வரவில்லை. ரப்பர் விலை விழுந்துவிட்டது, ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடியாத்தத்துக்காரன் ஒருவன் ஷாப்புக்கு வந்து சேதி சொன்னான். கன்னியம்மா சௌக்கியம், கங்காணி மச்சான் தயவில் வேலை நிலைத்திருக்கிறது. செல்லி வளர்ந்துவிட்டாள், தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், அப்பா எந்தக் கப்பலில் வருகிறார் என்று கேட்கச் சொன்னாள்.

அவன் போன பிறகு எரியல அண்ணன் பட்டைக் குவியலில் உட்கார்ந்திருந்தார். நான் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவங்களையாவது இங்கே வரச் சொல்லலாமே, அண்ணே."

"வேணாம் சார். பொண்ணு வந்தா குழிக்குத்தான் வரணும். அங்கயே இருக்கட்டும்."

அவர் கையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஷாப்பில் அந்தக் கையை யாரும் தொட்டு வருஷமாகிவிட்டது. வெடித்த விரல்களில் எண்ணெயைத் தடவிக்கொண்டே, "எரியுதா அண்ணே?" என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்தார்.

"எரியுது சார்" என்றார்.

மேஸ்திரி என்னைத் தேடி இரண்டு தரம் குரல் கொடுத்தார். நான் அந்தக் கையை விட்டுவிட்டு எழுந்து போகவில்லை.