வாரத்தில் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்?

“வாரத்தில் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்?”

தட்டச்சுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். “அஞ்சு நாளும் சார்.”

கேள்வி எழுதுபவர் ஐந்து என்று குறித்துக்கொண்டார். அச்சுக்குப் போகுமுன் கருத்துக்கணிப்புக் கேள்விகளை அலுவலகத்திலேயே நாலு பேரிடம் கேட்டுப் பார்ப்பது அந்த அலுவலகத்தின் விதி. பதில் முக்கியமில்லை. கேள்வி புரிகிறதா என்று பார்க்க வேண்டும். குறுக்கே பேசக் கூடாது, திருத்தக் கூடாது. ஒன்றே ஒன்று கேட்கலாம்.

“எதை நினைத்து இந்தப் பதிலைச் சொன்னீர்கள்?”

“உங்களை நினைச்சுத்தான் சார்.”

பேனா நின்றது.

“தினம் சாப்பாட்டு நேரத்துல உங்களைத்தான் ஓட்டுவோம். சனி, ஞாயிறு லீவு. மன்னிச்சிடுங்க சார்.”

அவருக்குக் காது மடல் சுட்டது. பேட்டரி சைக்கிளைப் பற்றிய கேள்விகள் என்று முதலிலேயே படித்துச் சொல்லியிருந்தார். தலைப்பை யாரும் காதில் வாங்குவதில்லை என்று பயிற்சியில் சொன்னது சரிதான். அடுத்த கேள்விக்குப் போனார்.

“ஓட்டும்போது எப்போதாவது விழுந்ததுண்டா?”

“விழுந்து விழுந்து சிரிச்சிருக்கோம் சார்.”

அது அவருடைய முதல் கேள்வித்தாள். தேறினால் வேலை நிரந்தரம். நிரந்தரமாகிவிட்டதென்று வீட்டில் போன மாதமே சொல்லிவிட்டார். மாலை நாலு மணிக்குத் தாள் அச்சுக்குப் போக வேண்டும்.

முகம் கழுவிவிட்டு வந்து, கேள்வியில் ‘வண்டியை’ என்று சேர்த்தார். இனிமேல் யாருக்கும் குழப்பம் வராது.

அடுத்து வரைபடம் போடுகிறவர்.

“வாரத்தில் எத்தனை நாள் வண்டியை ஓட்டுவீர்கள்?”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “யாரு சார் சொன்னது?”

“எதை?”

“உங்களுக்கு நாங்க வச்ச பேரை. கூட்ஸ் வண்டின்னு.”

“ஏன்?” விதியை மீறிக் கேட்டுவிட்டார்.

“மெதுவாத்தான் ஆரம்பிப்பீங்க. ஆனா நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் ரயில்வே கேட்டுல நிக்கிற மாதிரி நின்னுக்கிட்டே இருக்கணும் சார்.”

பதில் சொன்னவருக்கு நன்றி சொல்வதும் விதி. சொன்னார்.

‘வண்டி’க்கு முன்னால் ‘பேட்டரி’ சேர்த்துக்கொண்டு வரவேற்பறைக்குப் போனார். அங்கே வேலை பார்க்கும் பெரியவர் கேள்வியை முழுதும் கேட்டுவிட்டுக் கையைப் பிசைந்தார்.

“பேட்டரி வண்டின்னா மத்தியானத்துக்கு மேல சார். காலையில கூட்ஸ் வண்டி. ரெண்டு மணிக்கு உங்களுக்குச் சார்ஜ் இறங்கிடும் பாருங்க, கண்ணு சொக்கும். அப்ப பேர் மாறிடும்.”

‘ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்’ என்று கேள்வி எழுதுபவர் ஓரத்தில் குறித்துக்கொண்டார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

மூன்றரை மணிக்கு மேலாளர் அறையில் புதிய கேள்வியை வைத்தார். மேலாளர் அம்மாள் உரக்கப் படித்தார்.

“‘வாரத்தில் எத்தனை நாள், மின்கலத் துணையுடன், இருக்கையில் அமர்ந்து, மிதித்தோ மிதிக்காமலோ முன்னேறுவீர்கள்?’ என்ன சார் இது? ‘ஓட்டுவீர்கள்’னு நல்லாத்தானே இருந்தது?”

“அந்தச் சொல்லுக்கு இங்க வேற பொருள் இருக்கு மேடம்.”

“என்ன பொருள்?”

“நான்.”

மேலாளர் அவரைப் பார்த்தார். “சரி, ‘வண்டி’ன்னு போட்டா?”

“அதுவும் நான்தான் மேடம்.”

“காரணத்தை எழுதிக் கொடுங்க. கோப்புல இருக்கணும்.”

எழுதினார். ‘இவ்வலுவலகத்தில் வண்டி என்னும் சொல் என்னைக் குறிக்கும். ஆகவே நீக்கப்படுகிறது. நால்வரிடம் சோதிக்கப்பட்டது.’ மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நாலாயிரம் பிரதிகள் அச்சுக்குப் போயின.

ஐந்து மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். அவர் கிளம்பவில்லை. அவர்களோடு படியிறங்க முகமில்லை. தவிர, நாலு பேர் என்று எழுதிக் கொடுத்திருந்தாரே, கேட்டது மூன்று பேரிடம்தான். அந்தப் பொய்யாவது தீரட்டும் என்று மேசை துடைக்க வந்த அம்மாவை உட்காரச் சொன்னார். அவள் வேலைக்கு வருவதும் பேட்டரி சைக்கிளில்தான். பழைய கேள்வியையே கேட்டார்.

“வாரத்தில் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்?”

“ஆறு நாள் சார். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரர் எடுத்துக்குவாரு.”

“ஓட்டும்போது எப்போதாவது விழுந்ததுண்டா?”

“ஒரு தடவை. மழையில.”

“எதை நினைத்து இந்தப் பதிலைச் சொன்னீர்கள்?”

“என் சைக்கிளைத்தான். வேற எதை நினைக்கிறது?”

கேள்வி எழுதுபவருக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்த ஆபீஸ்ல என்னை ஓட்டாத ஒரே ஆள் நீங்கதான்மா.”

அவள் துணியைப் பிழிந்தபடி சங்கடமாகச் சிரித்தாள்.

“கோவிச்சுக்காதீங்க சார். நீங்க வந்து கேட்டா இப்படிச் சொல்லணும்னு அந்த மூணு பேரும் காலையிலயே எனக்கும் ஒரு பதில் சொல்லிக் கொடுத்தாங்க. எனக்குத்தான் மறந்துபோச்சு.”