கேட்டுக்கு வந்த சிவப்புச் சாயம்

ஈஜோக்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய உமாபதி மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி புருஷன் சிவானந்தம் கும்பிட்டு எழுதுவது. கெர்லிங்கில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் அது பொய்யாகிவிடும். போனில் சொல்லலாம் என்றால் புனிதவதி காதில் விழுந்துவிடும். "எங்கண்ணன்கிட்ட கையேந்தவா உங்களக் கட்டிக்கிட்டேன்?" என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால் சாப்பாட்டுக் கடையில் பால் போடாத தே-ஓ ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் கேட்டைத் திறக்கப் போனேன், கை பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. பார்த்தால் கேட்டிலும் சுவரிலும் என் மல்லிகைச் செடி வரைக்கும் சிவப்புச் சாயம். நம் பக்கத்தில் கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றினால் என்ன அர்த்தம் என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வீட்டில் எவனோ கந்துவட்டிக்கார ஆலோங்கிடம் கடன் வாங்கிவிட்டுக் கட்டவில்லை. எனக்குக் கடன் கிடையாது. உங்கள் தங்கச்சி மீன்காரனிடம்கூடக் கடன் சொல்லாதவள். மிச்சம் இருப்பது எங்கள் பிள்ளை, உங்கள் மருமகன் ஜீவன்தான். காது குத்தின அன்றைக்கு உங்கள் மடியில் உட்கார்ந்து வேட்டியை நனைத்தானே, அவனேதான். இப்போது இருபத்தைந்து வயது.

எழுப்பிக் கேட்டேன். முதலில் சுவரைப் பார்த்தான், பிறகு அழ ஆரம்பித்தான். மோட்டார் சைக்கிள் தவணை, கிரெடிட் கார்டு, அப்புறம் போனிலேயே பொருளை வாங்கிவிட்டுப் பிறகு கட்டுகிற ஆப் மூன்று, எல்லாம் சேர்த்துப் பதினான்காயிரம் வெள்ளி கடன். ரவாங் ஃபேக்டரியில் ஓவர்டைம் நின்று எட்டு மாதமாகிறதாம். எங்களிடம் மூச்சு விடவில்லை. மோட்டாருக்குக் கட்டக் கார்டில் எடுத்து, கார்டுக்குக் கட்ட இன்னொன்றில் எடுத்து... ஆனாலும் மாதாமாதம் அம்மா கையில் கொடுக்கும் ஐந்நூறு வெள்ளியை மட்டும் குறைக்கவே இல்லை, மச்சான். அதையும் கார்டில்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறான். எட்டு மாதமாக நாங்கள் தின்ற மீன் எல்லாம் பேங்குக்காரன் மீன். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்றை மட்டும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆலோங்கிட்ட நான் வாங்கலப்பா, சத்தியமா" என்கிறான். "அப்ப இந்தச் சாயம் என்ன, வானத்திலிருந்து ஊத்துச்சா?" என்றேன். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறோம்.

மானம் போகக் கூடாதே என்று ஹார்ட்வேர் கடைக்கு ஓடி, அதே சிவப்பில் இரண்டு டின் வாங்கி வந்து கேட்டு, சுவர், தூண் எல்லாவற்றுக்கும் ஒரே சீராக நானே அடித்துவிட்டேன். யாரும் கேட்டால், நாங்களாகவே அடித்தோம் என்று சொல்லலாம் பாருங்கள். பக்கத்து வீட்டு இராஜம்மா வந்தது. "என்னண்ணே, அம்மன் கனவுல வந்து சொன்னாங்களா?" என்றது. நான் ஒரு பேச்சுக்குத் தலையாட்டித் தொலைத்தேன். மறுநாள் கேட்டில் எலுமிச்சம்பழ மாலை. அதற்கு மறுநாள் கற்பூரம். இன்றைக்குக் காலையில் சுங்கை சோவிலிருந்து யாரோ காரில் வந்து, பிள்ளைக்குப் பரீட்சை என்று என் கேட்டைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். தூண் ஓரத்தில் சில்லறை வேறு. அம்மன் காசைத் தொட எனக்குக் கை வருமா? அப்படியே கோயில் உண்டியலில் கொண்டுபோய்ப் போட்டேன்.

நேற்று அவனைக் கூட்டிக்கொண்டு கடன் ஆலோசனை அலுவலகத்துக்குப் போனேன். அரசாங்கம் நடத்துவது, காசு கேட்பதில்லை. நித்தியா என்று நம் பிள்ளை ஒன்று இருந்தது, தங்கமான குணம். பேங்குகளிடம் பேசி, இருக்கிற கடனையெல்லாம் ஒன்றாக்கி, அவன் சம்பளத்துக்குத் தாங்குகிற மாதிரி ஒரே தவணையாக மாற்ற முயற்சி செய்யலாம் என்றது. "சாயம் ஊத்துனவங்ககிட்டயும் பேசுவீங்களாம்மா?" என்று கேட்டேன். "அதுக்கு போலீஸுக்குத்தான் போகணும் அங்கிள்" என்றது. ஜீவன், "நான் வாங்கவே இல்லைன்னு சொல்றேன்ல" என்று அந்தப் பிள்ளை முன்னாலேயே கத்தினான். நான் நம்பவில்லை. எப்படி நம்புவது?

எவ்வளவு கேட்பார்கள் என்று தெரியாது, அவர்கள் திரும்பி வருவதற்குள் கையில் ஐயாயிரமாவது வேண்டும், மச்சான். யாரிடம் கட்டுவது என்று ஒரு நம்பர்கூட விட்டுப் போகவில்லை. பையன் வேலைக்குப் போகும் வழியில் கையைக் காலை உடைத்துவிடுவார்களோ என்று பயம். நீங்கள் அவனுக்குத் தாய்மாமன் என்ற முறையில் கேட்கிறேன். ஒரு வருஷத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். அம்மன் உங்களைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
சிவானந்தம்

பி.கு.: சனிக்கிழமை. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. பணம் அனுப்ப வேண்டாம்.

காலையில் இரண்டு பேர் மோட்டாரில் வந்தார்கள். கேட்டையும் எரிகிற கற்பூரத்தையும் பார்த்து ஒருவன் செருப்பைக் கழற்றினான். நான் விளக்கமாற்றோடு போய், "எவ்வளவுடா கட்டணும்?" என்றேன்.

"நீங்க ஒண்ணும் கட்ட வேணாம் அங்கிள். நாங்கதான் குடுக்க வந்திருக்கோம். ஜீவன் ஐயாயிரம் கேட்டிருந்தாரு, சனிக்கிழமைன்னு பேச்சு."

"அப்ப சாயம்?"

"சாரி அங்கிள். புதுசா சேந்தவன்லா. கட்டாதவங்க அட்ரஸுன்னு நெனச்சு, புதுசா கடன் கேட்டவங்க அட்ரஸ எடுத்துட்டுப் போயிட்டான்."

வாங்காத கடனுக்குச் சாயம் முதலிலேயே வந்துவிட்டது, மச்சான். அதற்குள் ஜீவன் வெளியே வந்தான். "வேணாம் ப்ரோ. அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றான். அவர்கள் போய்விட்டார்கள்.

அந்தப் புதுப் பையன் ஒழுங்காக வேலை பார்த்திருந்தால், என் பிள்ளை இன்றைக்கு அந்தப் பணத்தை வாங்கியிருப்பான், எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. மத்தியானம் அவனும் நானும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, பெரிய மீனை அவன் தட்டில் வைத்தேன். தவணையில் பாதி நான் கட்டுகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். பிறகு யாரும் பார்க்காத நேரமாகப் போய், அந்தக் கேட்டுக்கு நானே ஒரு கற்பூரம் ஏற்றினேன்.

அடுத்த வாரம் அவசியம் வாருங்கள். வரும்போது கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிடுங்கள், மச்சான்.