மோசமான சாம்பிள்

இந்த வாரம் ரத்தம் நன்றாக இருந்து தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையோடு, கோட்டைச்சாமி திங்கட்கிழமை சாயங்காலம் கறிக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, ஒங்களுக்குக் கறியே ஆகாதுன்னுல்ல சொன்னாக?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுக்கு ஆள் வருதுப்பா. அரைக் கிலோ போடு. ஈரலும் கொஞ்சம் சேத்துக்க."

அது முழுப் பொய்யில்லை. கறியைத் தின்றால்தான் ஆள் வரும்.

கோட்டைச்சாமி போடியில் ஏலக்காய்த் தரகர். ஒன்பது மாதத்துக்கு முன்பு வேலூரில் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். கடைவீதிக்கு அது போதவில்லை. இருதயத்தையே மாற்றிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். "கோட்டைச்சாமிக்கா? அப்ப முன்னாடி ஒண்ணு இருந்துச்சா?" என்று ஒரு மண்டிக்காரர் கேட்டதாகக் கேள்வி.

அடுத்தவர் உறுப்பை உடம்பு சில சமயம் ஏற்றுக்கொள்ளாமல் தள்ளிவிடுமாம். தள்ளுகிறதா இல்லையா என்பது ரத்தத்தில் தெரிந்துவிடுமாம். அதனால் செவ்வாய்தோறும் காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் ராக்கையாவின் லேப்பில் கையை நீட்ட வேண்டும். ராக்கையா ரத்தத்தைத் தெளியவைத்து, அதில் ஏதோ மஞ்சள் மருந்தைக் கலந்து, ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, சாயங்காலம் சீட்டில் நம்பர் எழுதிக் கொடுப்பான். 1.2 என்றால் நல்லது. இரண்டைத் தாண்டினால் ஆபத்து. வேலூர் டாக்டருக்கும் வாராவாரம் ஒரு கார்டு போட்டுவிடுவான்.

சிறுநீரகத்தைக் கொடுத்தது சிலமலையில் வாழ்க்கைப்பட்ட தங்கை குருவம்மாள். அதில்தான் எல்லாச் சிக்கலும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் ஏலத்தோட்டத்திலிருந்து வந்த ஜீப்போ போடிமெட்டுக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் படுத்துவிட்டது. நல்ல நேரம் போகிறதே என்று யாரோ பங்காளி மடியில் பிள்ளையை வைத்துக் காரியத்தை முடித்துவிட்டார்கள். வேர்த்து விறுவிறுத்து வந்த கோட்டைச்சாமி அதைப் பார்த்தார். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தார். அதோடு பேச்சு நின்றது. இடையில் அவர் மனைவி செத்துப்போனாள். பிள்ளைகள் கிடையாது. துக்கத்துக்கு வந்த தங்கையிடம்கூட அவர் முகம் கொடுக்கவில்லை.

ஆனால் வேலூரில் அவர் வீங்கிப்போய்க் கிடந்தபோது அவளாகத்தான் பஸ் ஏறி வந்தாள். "எனக்கு ரெண்டு இருக்குல்ல, ஒண்ண எடுத்துக்கங்க" என்று டாக்டரிடம் சொன்னாள். எல்லாம் முடிந்து ஊர் திரும்பியதும், போடி பஸ் ஸ்டாண்டிலேயே சிலமலை பஸ்சில் ஏறிக்கொண்டாள். வீட்டுக்கு வா என்று அவர் கூப்பிடவில்லை. வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் கோட்டைச்சாமியும் ஒரு ரேடியோவும். கூட்டத்தில் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் ஏலத்துக்கும் போக முடியவில்லை. பார்க்க வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றே நலம் விசாரித்தார்கள். பிறகு அதுவும் நின்றது. ரேடியோவில் நெல் விவசாயிகளுக்குச் சொல்லும் யோசனைக்கெல்லாம் "சரி சரி" என்று பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார். தனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்று உண்மையிலேயே பயந்தார்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காரணமே இல்லாமல், சீட்டில் 1.6 வந்தது.

மறுநாள் முதல் பஸ்சுக்கே குருவம்மாள் வந்து நின்றாள். செய்தி சிலமலைக்கு எப்படித்தான் போனதோ.

"ஒண்ணு பாயிண்டு ஆறாமே? நான் குடுத்தது என்ன ஓட்டைச் சருவச்சட்டியா? இப்பிடித்தான் பேணாம வச்சிருப்பீகளா? இந்தச் சட்டியக் கழுவி எத்தன நாளாச்சு?"

பாத்திரத்தைத் தேய்த்தாள். உப்பில்லாமல் சுரைக்காய்க் கூட்டு வைத்தாள். மூன்று மணி பஸ்சு வரை திட்டினாள். பன்னிரண்டு வருஷத்தில் கோட்டைச்சாமி அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அடுத்த வாரம் 1.2. யாரும் வரவில்லை.

அப்போதுதான் கறி யோசனை வந்தது. டாக்டர் கறி வேண்டாம் என்றாரென்றால், கறி தின்றால் நம்பர் ஏறும் என்றுதானே அர்த்தம்? முப்பது வருஷமாக அவர் தொழிலே சாம்பிள்தான். பச்சை மாறாத குண்டுக்காயாகப் பொறுக்கி மேலே போட்டு வியாபாரியிடம் நீட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை. ஆயுசில் முதல் தடவையாக ஒரு மோசமான சாம்பிளைத் தயார் செய்ய உட்கார்ந்தார்.

கால் கிலோவுக்கு 1.8 வந்தது. குருவம்மாள் வந்து ஒரு ராத்திரி தங்கினாள். அடுத்து அந்தத் திங்கட்கிழமை வாங்கிய அரைக் கிலோவுக்கும் ஈரலுக்கும் 2.1 வந்தது. துணிமூட்டையோடு வந்து மூன்று நாள் இருந்தாள்.

மூன்றாவது நாள் அவள் கிளம்பிப் போன பிறகு வீடு பழையபடி ஆனது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டைத் தாண்டிவிட்டது! தங்கை வயிற்றைக் கிழித்து எடுத்துக் கொடுத்ததை, நாக்கு ருசிக்குக்கூட இல்லாமல், தானே கெடுத்துக்கொண்டிருக்கிறோமே!

கறியை விட்டார். பார்லித் தண்ணீரும் கஞ்சியுமாக ஒரு வாரம் கிடந்தார். கோயிலில் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, சாம்பிளில் ஒரு குறையும் இல்லாமல், ராக்கையாவிடம் கையை நீட்டினார்.

2.4.

"சரியாப் பாத்தியாப்பா?"

"பாத்துட்டேண்ணே" என்றான் ராக்கையா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் குருவம்மாள் அம்மிக் குழவியையே தூக்கிக்கொண்டு வந்தாள். இங்கே இருப்பது வழுக்குகிறதாம். அவள் பாட்டுக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். கோட்டைச்சாமியால் தாங்க முடியவில்லை.

"ஆத்தா, நீ குடுத்தத என் ஒடம்பு தள்ளுதாத்தா. பன்னெண்டு வருசமா நான் ஒன்னையத் தள்ளுனேன். அந்தப் பாவம் சும்மா விடுமா?"

அரைக்கிற சத்தம் நின்றது. அவள் திரும்பாமலே, "அதெல்லாம் தள்ளாது. பேசாமப் படுங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மிளகாய் என்று நினைத்துக்கொண்டார். கூட்டில் மிளகாய் இல்லை.

அவளுக்கு என்ன தைரியம் என்று வியந்தபடி, அவள் ஊருக்குப் போனதும் கோட்டைச்சாமி வேலூருக்கு ஒரு இன்லண்டு லெட்டர் எழுதினார். 1.6, 1.8, 2.1, 2.4 என்று வரிசையாகப் போட்டு, இனி எத்தனை நாள் இருப்பேன் என்று ஒளிக்காமல் சொல்லும்படி கேட்டிருந்தார். கறி விஷயத்தை எழுதவில்லை. சாகப்போகிறவனுக்கும் மானம் உண்டு.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது பதில் கிடந்தது.

"அன்புள்ள கோட்டைச்சாமிக்கு, நீங்கள் எழுதிய நம்பர்கள் எனக்குப் புரியவில்லை. உங்கள் லேப்பிலிருந்து வாராவாரம் கார்டு வருகிறது. எல்லாம் 1.2. இரண்டு வாரம் மட்டும் 1.3. பரிசோதனைக்கு முதல் நாள் கறி சாப்பிடாதீர்கள். சிறுநீரகம் மிக நன்றாக இருக்கிறது."

கோட்டைச்சாமி இரண்டு தடவை படித்தார். வேறு எவனுடைய ரத்தமோ தன் பேரில் வேலூருக்குப் போய்க்கொண்டிருக்கிறது! செருப்பைக்கூட மாட்டாமல் லேப்புக்கு ஓடினார்.

"ஏண்டா ராக்கையா! யாரு நம்பர யாருக்குடா அனுப்புற? இங்க நான் சாகக் கெடக்கேன், வேலூர்ல நான் நல்லா இருக்கேனாம்!"

ராக்கையா கடிதத்தை வாங்கிப் படித்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"அண்ணே, மொதல்ல ஒக்காருங்க."

"ஒக்கார மாட்டேன். எது நெசம்? நான் கறி தின்னது வரைக்கும் அந்த டாக்டருக்குத் தெரியுது!"

"கறி தின்னீகளா? எதுக்கு?"

கோட்டைச்சாமி உட்கார்ந்துவிட்டார்.

"நம்பர் ஏறுனாத்தான குருவு வருது. நல்லா இருந்தா யாருப்பா வர்றா? வாய் தெறந்து கூப்புட எனக்குத்தான் வரலையே."

மேஜை மேல், காலையில் எடுத்த ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில், பாதி எழுதிய சீட்டு ஒன்று கிடந்தது. ராக்கையா அதை எடுத்து அவர் பக்கம் தள்ளினான்.

"வேலூருக்குப் போற கார்டுல இருக்கதுதாண்ணே ஒங்க ரத்தம். ஒங்க கையில குடுக்குற சீட்டு குருவக்கா சொல்ற நம்பர். 'நல்லா இருக்குன்னு எழுதிட்டா நான் எதச் சாக்கு சொல்லித் தம்பி அங்க போவேன்'னு வந்து அழுகுது. இந்த வாரம் மூணு போடச் சொல்லியிருக்கு, பொங்கல் வருதுல்ல, பத்து நாள் தங்கணுமாம்."